பிரேஸிலுக்கு நெஞ்சுரம் இல்லையாம்!

இது கொஞ்சம் நீளமான பதிவு. பிரேஸில் கட்சிக்காரர்கள் கட்டாயம் வாசியுங்கள். ஆர்ஜென்டீனா கட்சிக்காரர்கள் வழமை போல சிரித்துக்கொண்டே வாசியுங்கள். கடைசிப் பகுதி உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பிரேஸில் தோற்ற மறுநாள் காலையில் எங்கள் ஊரில் எந்தத் தேநீர்க் கடைக்குப் போனாலும் ஒரே பேச்சுத்தான். "இவனுகளுக்கு ஆட்டம் இரிக்கி, நெஞ்சுரம் இல்ல." 2006இல் பிரான்ஸிடம் தோற்றபோதும் இதைத்தான் சொன்னோம். 2010இல் முதல் கோலை அடித்துவிட்டு நெதர்லாந்திடம் கோட்டை விட்டபோதும் சொன்னோம். 2014 ஜேர்மனி, 2018 பெல்ஜியம், 2022 குரோஷியா. 2002இல் ரொனால்டோவின் இரண்டு கோல்களோடு கிண்ணம் தூக்கியதைச் சிறுவர்களாக இருந்து பார்த்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் படித்து முடித்து கட்டாருக்கு வேலைக்கும் போய்விட்டார்கள். அவர்கள் அந்தக் கிண்ணத்தை யூடியூப்பில்தான் கண்டார்கள். ஆனாலும் மின்கம்பத்தில் பச்சை மஞ்சள் கொடி கட்டுவதில் அவர்களும் குறை வைக்கவில்லை.

ஆகவே எரிச்சல் நியாயமானது. அதில் எங்களுக்குச் சண்டையில்லை. அந்த எரிச்சலில் நாங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லும் காரணத்தோடுதான் சண்டை.

2022 டிசம்பர் 9ஐ நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை. இஷா தொழுதுவிட்டுச் சங்கக் கட்டடத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டி உட்கார்ந்தோம். 90 நிமிடமும் கோல் இல்லை. மேலதிக நேரத்தின் முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் நெய்மார் இரண்டு பேரோடு பந்தைக் கொடுத்து வாங்கி, கோல் காப்பாளரையும் சுற்றிப் போய் அடித்தார். பட்டாசு வெடித்தது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீரிட்டு அழுதது, அதன் உம்மா எங்களுக்கு ஏசியதும் கேட்டது. இனி 15 நிமிடம்தானே என்று பாதிப் பேர் மோட்டார் சைக்கிளில் ஊர்வலம் போக ஆயத்தமாகிவிட்டார்கள்.

117ஆவது நிமிடம். ஒரு கோல் முன்னுக்கு இருக்கிறோம். இன்னும் மூன்று நான்கு நிமிடம். இந்த நேரத்தில் பந்தை என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும்: மூலைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள், எதிரியின் காலில் பட்டு வெளியே போகட்டும், எறி பந்து எடுக்க ஆறுதலாக நட. பிரேஸில் வீரர்களோ இரண்டாவது கோல் தேடி எதிரணியின் பாதியில் நின்றார்கள். பந்து பறிபோனது. நான்கு உதையில் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. பெட்கோவிச் அடித்தார், மார்கினோஸின் காலில் பட்டுத் திசைமாறி உள்ளே போனது. முழு ஆட்டத்திலும் குரோஷியா கோலுக்கு நேராக அடித்த ஒரே உதை அது.

பிறகு பெனால்டி. முதலாவதாக வந்தவர் ரொட்ரிகோ, 21 வயது. கோல் காப்பாளர் லிவாகோவிச் தடுத்துவிட்டார். நான்காவதாக வந்த மார்கினோஸின் பந்து கம்பத்தில் பட்டது. ஐந்தாவது உதைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நெய்மாருக்கு முறையே வரவில்லை. அன்றிரவே எங்கள் வட்ஸ்அப் குழுமங்களில் ரொட்ரிகோவுக்குக் கிடைத்த பட்டங்களை இங்கே எழுத முடியாது. ஆகக் குறைந்தது "தொடை நடுங்கி".

சரி, யார் இந்தத் தொடை நடுங்கி? அதே வருடம் மே 4ஆம் திகதி ரியல் மெட்ரிட்டுக்கும் மன்செஸ்டர் சிட்டிக்கும் நடந்த சம்பியன்ஸ் லீக் அரையிறுதியைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். 90ஆவது நிமிடம் வரை மெட்ரிட் மொத்தக் கணக்கில் இரண்டு கோல் பின்னுக்கு நின்றது. மாற்று வீரராக வந்த ஒரு பொடியன் இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்தான். அந்தப் பொடியன்தான் இந்த ரொட்ரிகோ. மே மாதம் இருந்த நெஞ்சுரம் டிசம்பரில் எங்கே போனது? கடையில் தீர்ந்துபோன சீனியா அது?

எங்கள் வாதம் இதுதான். மன உறுதி என்பது ஒருவனின் இரத்தத்தில் ஊறிய சாமான் இல்லை. அடி விழுந்த அடுத்த இரண்டு நிமிடத்தில் என்ன செய்வது என்று முன்கூட்டியே பழகி வைத்திருப்பதும், அந்த இரண்டு நிமிடமும் பக்கத்தில் நிற்பவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதும் சேர்ந்ததுதான் அது. மெட்ரிட்டில் அந்தப் பொடியனைச் சுற்றி நின்றவர்கள் பதறாதவர்கள்.

2014ஐ எடுங்கள். அது ரமழான் மாதம். எங்களுக்கு ஆட்டம் இரவு ஒன்றரை மணிக்கு. தராவீஹ் முடிந்து, நித்திரையும் கொள்ளாமல், ஸஹர் வரை விழித்திருப்போம் என்று இருந்தோம். முதல் கோல் 11ஆவது நிமிடத்தில். அது பெரிய விசயம் இல்லை. 23ஆவது நிமிடத்துக்கும் 29ஆவது நிமிடத்துக்கும் இடையில் நான்கு கோல்! பிளேன்டீ ஊற்றப் போனவர் திரும்பி வந்து, மறு ஒளிபரப்புக் காட்டுகிறார்கள் என்று நினைத்தார். ஏழுக்கு ஒன்று. அன்றைய ஸஹர் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

அந்த அணியை உணர்ச்சியில்லாத அணி என்று யாராவது சொல்ல முடியுமா? அதற்கு முன் சிலியோடு பெனால்டிக்குப் போனபோது அணித்தலைவர் தியாகோ சில்வா கூட்டத்தை விட்டு விலகிப் பந்தின் மேல் உட்கார்ந்து அழுதார். ஜேர்மனி ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் பாடும்போது, காயப்பட்டிருந்த நெய்மாரின் சட்டையை இரண்டு பேர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விளையாட வந்தவர்களின் முகம் மையத்து வீட்டுக்கு வந்தவர்களின் முகம் போல இருந்தது. நெஞ்சு நிரம்பி வழிந்தது. ஆனால் இரண்டாவது கோல் விழுந்த பிறகு பந்தை நடுவில் வைத்துவிட்டு, "பொறுங்கடா, ஐந்து நிமிடம் சும்மா பந்தை வைத்திருப்போம்" என்று சொல்ல ஒருவன் இல்லை. மூன்றாவது விழுந்தது, உடனே ஆட்டத்தைத் தொடங்கினார்கள், நடுக்களத்திலேயே பந்தைப் பறிகொடுத்தார்கள், நான்காவதும் விழுந்தது.

இதே பிரேஸிலில் அப்படி ஒருவர் இருந்தார். 1958, சுவீடனில் இறுதிப் போட்டி. நான்காவது நிமிடத்திலேயே சுவீடன் கோல் அடித்தது, அதுவும் சொந்த மண்ணில். டிடி என்ற மத்திய கள வீரர் வலைக்குள் கிடந்த பந்தைக் கையில் எடுத்தார். ஓடவில்லை. நடந்தார். வழியில் ஒவ்வொருவருக்கும் ஏதோ சொல்லிக்கொண்டு, நடு வட்டம் வரை ஆறுதலாக நடந்தார். ஐந்து நிமிடத்தில் வாவா கோலைத் திருப்பினார். ஆட்டம் முடியும்போது 5 - 2. பேலேயின் கோல்களை உலகம் பேசுகிறது, அது சரிதான். அந்த நடையையும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அதே வருடத்தில் இன்னொரு வேடிக்கை. பிரேஸில் அணியோடு ஒரு உளவியலாளர் போயிருந்தார், பெயர் கார்வல்யாயெஸ். வீரர்களுக்குப் படம் வரையச் சொல்லிச் சோதனை வைத்தார். பேலே இன்னும் சின்னப்பிள்ளைத்தனம், கரிஞ்சாவுக்குப் பொறுப்பில்லை, இரண்டு பேரையும் இறக்க வேண்டாம் என்றார். பயிற்றுவிப்பாளர் ஃபியோலா அதைக் கேட்டுவிட்டு இரண்டு பேரையும் இறக்கினார். 17 வயதுப் பேலே அந்த உலகக் கிண்ணத்தில் ஆறு கோல் அடித்தார். யாருக்கு நெஞ்சுரம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வெளியே நின்று தீர்ப்புச் சொல்வது படித்தவருக்கே அவ்வளவு கஷ்டம் என்றால், சீமெந்துக் கட்டில் குந்தியிருக்கும் எங்களுக்கு?

அந்தத் தீர்ப்பு ஒரு மனிசனை என்ன செய்யும் என்பதற்கும் பிரேஸில்தான் சாட்சி. 1950 ஜூலை 16, மரக்கானா மைதானம். சமநிலை எடுத்தாலே கிண்ணம் என்ற நிலையில் உருகுவேயிடம் 2 - 1 எனத் தோற்றார்கள். கடைசிக் கோலுக்குக் கோல் காப்பாளர் பார்போசாவைப் பிடித்தார்கள். அவரோடு பிகோடே, ஜுவெனால். மூவருமே கறுப்பு வீரர்கள் என்பது தற்செயல் இல்லை. அந்த நாட்டில் ஆகக் கூடிய சிறைத் தண்டனை 30 வருடம், தனக்கு மட்டும் 50 வருடமாக முடியவில்லை என்று பார்போசா கடைசிக் காலத்தில் சொன்னார். 2000ஆம் ஆண்டில் மௌத்தானார். ஒரு பந்து கம்பத்துக்கும் அவருக்கும் இடையில் போனதற்கு அரை நூற்றாண்டு.

அடுத்த பக்கத்தையும் பாருங்கள். பெனால்டி என்றாலே வெலவெலத்துப் போவது இங்கிலாந்தின் வழக்கமாக இருந்தது. உலகக் கிண்ணத்தில் 1990, 1998, 2006 மூன்று முறையும் பெனால்டியில் வெளியேறினார்கள். ஊதல் ஊதியதும், தலைவலி தீர்ந்தால் போதும் என்பது போல ஓடிப்போய் அடிப்பார்கள். 1996 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் தவறவிட்ட சவுத்கேட்டே பிறகு பயிற்றுவிப்பாளராக வந்து, அதை அதிர்ஷ்டம் என்று விடாமல் பயிற்சியாக்கினார். மூச்சு வாங்கு, நேரம் எடு, உன் நேரத்தில் அடி. 2018இல் கொலம்பியாவை பெனால்டியில் வென்றார்கள். 2021 ஐரோப்பிய இறுதியில் திரும்பவும் தோற்றார்கள். தவறவிட்ட ரஷ்ஃபோர்ட், சான்சோ, சாக்கா மூவரையும் நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். சாக்காவுக்கு அப்போது 19 வயது. ஆனால் அணி அவரைக் கைவிடவில்லை. 2024இல் சுவிட்சர்லாந்தோடு பெனால்டி வந்தபோது மறுபடியும் அவரையே அனுப்பினார்கள். அடித்தார். ஐந்து பேரும் அடித்தார்கள்.

2025 மார்ச்சில், நோன்பின் கடைசிப் பத்தில், சுபஹ் தொழுதுவிட்டு வந்து ஆர்ஜென்டீனாவிடம் 4 - 1 வாங்கியதையும் பார்த்தோம். (சிரித்தவர்கள் இப்போதும் சிரிக்கலாம்.) அதன் பிறகுதான் அன்செலொட்டியைக் கூட்டி வந்தார்கள். மே மாத இரவில் ரொட்ரிகோவைக் களத்துக்கு அனுப்பிய அதே அன்செலொட்டி. அவரால் முடியுமா, முடியாதா என்பதை விளையாட்டு நிருபர்கள் பேசட்டும். நாங்கள் எங்கள் மைதானத்துக்கு வருகிறோம்.

போன பெருநாளைக்கு நடந்த சுற்றுப்போட்டியின் அரையிறுதி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெனால்டி. எங்கள் பக்கத்தில் ஐந்தாவதாக யார் அடிப்பது என்று கேட்டபோது பெரிய ஆட்கள் இரண்டு பேர் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்துகொண்டார்கள். அதையும் நாங்கள் கண்டோம். தரம் 11 பிள்ளை ஒருவன்தான் பந்தை எடுத்துக்கொண்டு போனான். பயிற்சியில் ஒரு நாள் கூட பெனால்டி அடித்துப் பழகவில்லை, ஏனென்றால் நாங்கள் யாருமே பழக்கவில்லை. பந்து கம்பத்துக்கு மேலால் போனது. மைதானத்தை விட்டு வெளியேற முன்னமே ஒரு குரல் பதிவு குழுமத்தில் வந்துவிட்டது. அதில் அவனுடைய வாப்பாவையும் இழுத்திருந்தார்கள். நாற்பது பேர் சிரிக்கும் முகம் போட்டிருந்தார்கள். அந்த நாற்பதில் ஆசிரியர்களும் இருந்தார்கள், மறைக்க வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. அஸருக்குப் பள்ளிக்கு வருகிறான், முன்வாசலால் போனால் மைதானம் என்று பின்வாசலால் போகிறான். வகுப்பில் முன்பு கரும்பலகைக்கு ஓடி வந்து கணக்குச் செய்தவன், இப்போது கூப்பிட்டால் "தெரியா சேர்" என்கிறான். கணக்கு அவனுக்குத் தெரியும். பிழைத்தால் சிரிப்பார்கள் என்பதுதான் புதிதாகத் தெரிந்திருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதம்தான் இருக்கிறது.

பாடசாலையில் எங்கள் பங்கும் குறைவில்லை. தவணைப் பரீட்சைப் புள்ளியை வகுப்பு நடுவில் சத்தமாக வாசித்து, குறைந்தவனை எழுப்பி நிறுத்திவிட்டு, பிறகு "பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்று பெற்றார் கூட்டத்தில் பேசுகிறோம். கலாசாலையில் படித்த உளவியல் பாடக் கொப்பி இன்னும் அலுமாரியில்தான் கிடக்கிறது.

பிரேஸிலுக்கு நாங்கள் ஏசுவது ரியோ வரை கேட்காது. இந்தப் பிள்ளைக்கு ஏசியது இரண்டு ஒழுங்கை தாண்டி அவன் வீட்டுக்குள் போய்விட்டது.

கழகத் தலைவரிடமும் பயிற்றுவிக்கும் காக்காவிடமும் பேசிவிட்டோம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பயிற்சி தொடங்குகிறது. ஒவ்வொரு நாளும் ஓடிக் களைத்த பிறகு எல்லோரும் பெனால்டி அடிக்க வேண்டும், நடு வட்டத்திலிருந்து தனியாக நடந்து வந்து. முதல் உதை அந்தப் பிள்ளைக்கு. சப்பாத்துக் கயிறு கட்டிய இரண்டு பேரும் அவனுக்கு அடுத்ததாக.

குரல் பதிவு போட்ட தம்பி, உங்களுக்கு நாங்கள்தான் தரம் 6இல் பாடம் எடுத்தோம், உரிமையோடு கேட்கிறோம். அதை அழித்துவிட்டால் மட்டும் போதாது. வெள்ளிக்கிழமை நீங்களே போய் அவனுடைய உம்மா வாப்பாவுக்குச் சலாம் சொல்லி, அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் இடையில் மூன்று வளவுதான் இருக்கிறது.