கைப்பேசி தரும் ஆறுதலும் மஹல்லாவின் கடமையும்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் போன்ற ஓர் ஊரில், மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோரை முதலில் வாட்டுவது தனிமைதான். அதே நிலையிலுள்ள இன்னொரு குடும்பம் பக்கத்துத் தெருவில் இருக்காது. உறவினரோ, "என்ன பாவம் செய்தீர்களோ" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இந்தத் தனிமையை உடைத்ததில் வாட்ஸ்அப், முகநூல் குழுக்களுக்குப் பெரும் பங்குண்டு.

பெற்றோருக்குப் பெற்றோரே துணை நிற்பது புதிதன்று. மூளை முடக்குவாதமுள்ள மகனின் தாயான பூனம் நடராஜன், 1985இல் சென்னையில் தொடங்கிய நிறுவனமே இன்றைய வித்யாசாகர். அன்று பெருநகரில் மட்டும் கிடைத்த அத்தகைய துணை, இன்று சிற்றூரின் அடுப்படிவரை வருகிறது. பிள்ளை ஏன் உறங்கவில்லை, எப்படி ஊட்டினால் புரையேறாது என்று நள்ளிரவில் கேட்கும் தாய்க்கு, அதைக் கடந்து வந்த இன்னொரு தாய் பதில் சொல்கிறாள்.

உரிமைகளும் இவ்வழியே தெரியவருகின்றன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு 'நிரமயா' திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். இவற்றை அறியாமலே ஆண்டுகளைக் கழித்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ!

ஆயினும் எச்சரிக்கை தேவை. ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று சமூக ஊடகங்களில் பரப்பப்பட்ட ஒரு கரைசல், உண்மையில் சலவைக்குப் பயன்படும் குளோரின் டை ஆக்சைடு. அதைக் குடிக்கக் கூடாதென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010இலும் 2019இலும் எச்சரித்தது. குழுவில் வரும் எந்த மருந்தையும் மருத்துவரிடம் கேளாமல் கொடுக்காதீர்கள். பிள்ளை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் இயலாமையைப் படமெடுத்துப் பரப்பி இரக்கம் தேடுவது, பேசவியலாத ஒருவரின் மானத்தை அவர் அனுமதியின்றிச் செலவிடுவதாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கைப்பேசியால் தீராத கேள்வி ஒன்றுண்டு: "எங்களுக்குப் பிறகு இப்பிள்ளைக்கு யார்?" 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மேற்சொன்ன நான்கு வகைக் குறைபாடுகள் உள்ளோருக்கு 18 வயதுக்குப் பின்னும் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு அதை முடிவு செய்யும். ஆனால் பாதுகாவலராக வர ஒரு மனிதர் வேண்டுமே! தொலைதூரத்துக் குழு நண்பர் அதற்கு வர இயலாது. பிள்ளையை அறிந்த, நடந்து வரும் தொலைவில் வாழும் ஒருவரே வர இயலும்.

இங்கேதான் மஹல்லாவின் கடமை தொடங்குகிறது. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு, 'அபஸ' அத்தியாயத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கே இறைவன் அறிவுறுத்தினான். அத்தோழர் மதீனாவில் பாங்கு சொன்னார். நபியவர்கள் வெளியூர் சென்றபோது அவர்களின் பிரதிநிதியாகவும் நியமிக்கப்பட்டார். இத்தகைய வரலாறு உடைய நாம், சத்தமிடும் பிள்ளையைப் பள்ளிவாசலுக்கு அழைத்து வர ஒரு தந்தை தயங்கும் நிலையை எவ்வாறு பொறுத்துக்கொள்கிறோம்?

செய்ய வேண்டியவை எளியவை. பள்ளிவாசல் படியருகே ஒரு சாய்தளம் அமையட்டும். மக்தபில் அப்பிள்ளைக்கும் ஓர் இடம் இருக்கட்டும். மருத்துவச் சான்று முகாம் நாள்களை ஜும்ஆவுக்குப் பின் அறிவிக்கலாம். வாரம் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, தாயைச் சற்று ஓய்வெடுக்கச் சொல்லலாம். அப்படிப் பழகும் கைகளிலிருந்துதான் நாளைய பாதுகாவலர் கிடைப்பார், இன்ஷா அல்லாஹ்.