கொசு சாக்கடையில் மட்டுமா? குடிதண்ணீர் டிரம்முக்குள்ளேயும் இருக்கு!

தென்காசி:

ரெண்டு நாள் மழை பெய்தால் போதும். "சாக்கடையை அள்ளுங்க, புகை அடிங்க" என்று தெருவுக்குத் தெரு குரல் கிளம்பிவிடும். புகை மருந்து அடித்துவிட்டுப் போனதும் மக்களுக்கு ஒரு நிம்மதி. டெங்கு விஷயத்தில் இந்த நிம்மதியை நம்ப முடியாது.

டெங்கு, சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு சாக்கடை பிடிக்காது. வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீர்தான் வேண்டும். பிளாஸ்டிக் டிரம், சிமெண்ட் தொட்டி, பிரிட்ஜ் பின்னால் தண்ணீர் வடியும் தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், பழைய டயர், தேங்காய் சிரட்டை... எதையும் விடாது. புகை கொல்வது பறக்கிற கொசுவைத்தான். டிரம்மில் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

2012-ல் கடையநல்லூர் வட்டாரம் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. அப்போது அது நெல்லை மாவட்டம். அந்த ஆண்டு தமிழகம் முழுவதும் 12 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு. 66 பேர் பலி. 2017-ல் 23 ஆயிரத்தைத் தாண்டியது. 65 பேர் பலி. இது அரசு சொன்ன கணக்கு.

இந்தக் கொசு கடிப்பது பகலில். வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து நாள் முழுக்க பீடி சுற்றும் பெண்களும், பகலில் தொட்டிலில் தூங்கும் குழந்தைகளும்தான் வசமாக மாட்டுகிறார்கள். ராத்திரி மட்டும் கொசுவர்த்தி கொளுத்தி என்ன பிரயோஜனம்?

சரி, டிரம்மில் ஏன் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள்? குழாயில் தினமும் வந்தால் யார் பிடித்து வைக்கப் போகிறார்கள்! நாலு நாள், அஞ்சு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வரும் தெருவில், மிச்சம் இருப்பதைக் கீழே கொட்ட யாருக்கும் மனசு வராது. அதன் மேலேயே புதுத் தண்ணீரை நிரப்புகிறார்கள். டிரம் காலியாவதே இல்லை. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

வீட்டில் புழு இருந்தால் நோட்டீஸ், அபராதம் என்கிறார்கள். போடட்டும். ஆனால் குழாய் வராத தெருவுக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?

குழாய் வரும்வரை காத்திருந்தால் காய்ச்சல் முந்திக்கொள்ளும். தண்ணீர் வரும் நாளுக்கு முந்தின ராத்திரி, மிச்சத் தண்ணீரைக் குடத்துக்கு மாற்றிவிட்டு டிரம்மைத் தேய்க்க வேண்டும். சும்மா அலசினால் போகாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரோ பிரஷோ போட்டு, பிளீச்சிங் பவுடர் தூவி அழுத்தித் தேய்த்துக் கழுவணும். மேலே தட்டு வைத்து மூடினால் இடுக்கு வழியாக கொசு உள்ளே போய்விடும். பழைய வேட்டித் துணியை வாயில் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதுதான் சரி.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. களப்பணியாளர்கள் வந்து அபேட் மருந்து ஊற்றுகிறார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும், "மருந்து வாடை அடிக்குது" என்று சில வீடுகளில் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். அளவோடு ஊற்றினால் குடிதண்ணீரில் கலக்க அனுமதி உள்ள மருந்துதான் அது. கொட்டிய பிறகு பிடிக்கிற புதுத் தண்ணீரில் மருந்தும் கிடையாது, தேய்க்காத டிரம்மில் முட்டையும் அப்படியே இருக்கு.