அக்கரைக்குப் போகும் ஆசனம்

கடல் கடக்கும் தூரத்தைக் கல் கணக்கில் அளப்பவர்கள், நீலகிரியின் சேரம்பாடியிலோ கொளப்பள்ளியிலோ கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டிக்கு இலங்கையின் தலவாக்கலையில் வாழும் தங்கையின் வீடு எவ்வளவு தொலைவு என்பதை ஒருநாளும் அறியமாட்டார்கள். மலையிறங்க ஒரு பகல், ரயிலில் ஓர் இரவு, துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ ஒரு நெடுங்காத்திருப்பு, அக்கரை சேர்ந்தபின் மறுபடியும் ஒரு முழுப்பகலும் ஒரு மலையேற்றமும் என்று விரியும் அந்தப் பிரயாணம் முடிவதற்குள், சென்னையில் விமானம் ஏறியவர் லண்டன் போய்ச் சேர்ந்து உறங்கியும் எழுந்துவிடுவார். பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற காரணத்தால் என்னிடம் யோசனை கேட்க வருகிற மலைத்தோட்டத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கின்றன: எந்த வகுப்பில் டிக்கெட் எடுப்பது, போகிற சமயத்தில் வழி திறந்திருக்குமா என்பன அவை. இவ்விரண்டையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

இந்தக் கேள்விகள் நீலகிரியில் எழுவதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இலங்கைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்ட அந்த ஜனங்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு தேசங்களும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் தமிழக வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தோன்றியது. பின்னர் டேன்டீ என்ற கழகமாக வளர்ந்த அதன் தோட்டங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் பரவின. மூத்த மகன் இக்கரைக்கும் இளைய மகள் அக்கரைக்கும் என்று ஒரே லயத்தில், அதாவது ஒரே தோட்டக் குடியிருப்பு வரிசையில், பிறந்தவர்களைப் பிரித்துவிட்ட அந்தப் பங்கீட்டின் விளைவுதான், இன்று ஒரு திருமணத்துக்கோ மரணத்துக்கோ போய்வருவதற்கும் கடவுச்சீட்டு தேடவேண்டியிருக்கிற நிலை.

அவர்கள் வந்த வழியையும் இங்கே நினைத்துப் பார்ப்பது அவசியம். இலங்கை மலைநாட்டின் ஹட்டனிலும் நானுஓயாவிலும் பண்டாரவளையிலும் ரயிலேறி, பிளாட்பாரத்தில் நின்று அழுத உறவினரின் முகங்கள் மறையும்வரை ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டிருந்து, தலைமன்னாரில் இறங்கி, ராமானுஜம் கப்பலில் மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்து ராமேஸ்வரம் சேர்ந்து, மண்டபம் முகாமில் தங்கித் தங்கள் ஊர் எது என்று சர்க்கார் சொல்லும்வரை காத்திருந்தவர்கள் அவர்கள். அந்த மண்டபமோ, அதற்கு முந்தைய தலைமுறைகளில் இலங்கைக்குப் புறப்பட்ட தொழிலாளர்களைத் தொற்றுநோய்ப் பயத்தால் தடுத்து நிறுத்திச் சோதித்த முகாமாக இருந்தது. 1914-இல் பாம்பன் பாலத்தோடு தொடங்கிய தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் வழியில் போட் மெயில் ரயிலின் மேல்வகுப்பில் சென்றவர்களுக்குக் கொழும்புப் பயணம் சுலபமானது. தோட்டக் கூலிக்கோ அதே வழி சோதனைகளும் காத்திருப்புகளும் நிறைந்தது. ஆகவே வகுப்பும் எல்லைக் கட்டுப்பாடும் இந்த மக்களின் அநுபவத்தில் என்றுமே ஒன்றோடொன்று பிணைந்தவை. தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்தது. ராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலை 1984-இல் இலங்கையின் உள்நாட்டு யுத்தம் நிறுத்தியது.

இன்று உள்ள வழிகளைச் சொல்கிறேன். நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14-ஆம் தேதி செரியபாணி என்ற கப்பல் ஓடத் தொடங்கிச் சில தினங்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் சிவகங்கை என்ற கப்பல் அவ்வழியில் வந்தது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நான்கு மணி நேர அளவில் கடந்துவிடலாம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல் ஓடாது. ஆகாய மார்க்கத்தில் சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து கொழும்புக்கும், சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் விமானங்கள் உண்டு. யாழ்ப்பாண விமானமும் 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பர் 12-ஆம் தேதிதான் மீண்டது. இவற்றில் எந்த வழியும் இடையில் நின்றுபோகக்கூடும் என்பதை மனத்தில் இருத்தியே திட்டம் போடவேண்டும்.

சென்ற மாதம் பந்தலூரிலிருந்து வந்த ஓர் இளைஞர், “சார், அம்மாயிக்குக் கப்பலில் பிரீமியம் சீட் எடுத்தால் வீண்செலவு என்கிறார்கள் வீட்டில், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். சிவகங்கை தொடங்கியபோது சாதாரண வகுப்புக்கு 5,000 ரூபாயும் பிரீமியத்துக்கு 7,500 ரூபாயும் கட்டணமாக இருந்தன. தோட்டத்து ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் அற்பமன்று. பணத்தைச் செலவிட வேண்டிய வரிசை ஒன்று இருக்கிறது, அதை முடித்தபின் இதற்கு வாருங்கள் என்று நான் சொன்னேன்.

அந்த வரிசையில் முதலாவது ஆவணங்கள். கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதத் தவணை மிஞ்சியிருக்கவேண்டும். இலங்கையில் பிறந்தவர்கள் கண்டியில் பெற்ற பழைய கடவுச்சீட்டையும் மண்டபத்தில் பெற்ற குடும்ப அட்டையையும் பத்திரமாக வைத்திருந்தால்தான், புதுப்பிக்கும்போது பெயரின் எழுத்துப் பிழையாலோ பிறப்பிடத்தாலோ எழும் சிக்கல்கள் எளிதில் தீரும். இலங்கையின் மின்னணுப் பிரயாண அனுமதியின் நிபந்தனைகளும் கட்டணமும் சமீப ஆண்டுகளில் பலமுறை மாறியிருப்பதால், சென்ற வருஷம் போய்வந்த உறவினரின் வாய்மொழியை நம்பாமல், அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தின் அறிவிப்பையே பார்க்கவேண்டும். 1983-க்குப் பின் அகதிகளாக வந்து முகாம்களில் வாழ்கிற சகோதரர்கள் பெரும்பாலோருக்கு இந்த முதற்படியே இல்லை என்பதை நெஞ்சு கனக்கச் சொல்லவேண்டியிருக்கிறது.

இரண்டாவது, காலத்தில் விடும் இடைவெளி. தை பிறந்தபின் பங்குனி வரையிலான மாதங்களே இப்பிரயாணத்துக்கு உகந்தவை. கடல் அடங்கியிருக்கும், நம் தோட்டங்களில் கொழுந்து வரத்தும் குறைந்து விடுப்புக் கிடைக்கும், கல்லாறு – குன்னூர் பாதையில் மண்சரிவுப் பயமும் இராது. அப்போதும் போகும்போது ஒரு நாளும் வரும்போது இரண்டு நாளும் சும்மா இருக்கட்டும் என்று விட்டுவைப்பது உசிதம். மூன்றாவது, தேதியை மாற்றிக்கொள்ள இடந்தரும் டிக்கெட். 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 27 வரை நம் தேசத்தின் வழக்கமான சர்வதேச விமானங்கள் நின்றிருந்தன. 2021 மே மாதத்தில் இந்தியாவிலிருந்து வருவோரை இலங்கை தடுத்தது. நம் மலைக்கு வரக்கூட இ-பாஸ் வேண்டியிருந்தது. தாயின் முகத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்தே ஈமக்கடன் முடித்தவர்களை நான் அறிவேன். அந்தக் காலத்தை நினைத்தால், திரும்பப் பணம் தராத மலிவு டிக்கெட்டில் சேமிக்கும் சில நூறு ரூபாய் சேமிப்பாகவே தோன்றாது.

நான்காவதுதான் சௌகரியம், அதையும் நேரம் நீளும் இடத்தில் வாங்கவேண்டும். கொழும்புக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகப் பறக்கும் விமானத்தில் பிசினஸ் வகுப்புக்கு உயர்த்திக்கொள்வதால் முதியவருக்குக் கிடைக்கும் நன்மை சொற்பம். அவருக்கு உண்மையில் வேண்டிய சக்கர நாற்காலியோ எந்த வகுப்பினருக்கும் முன்கூட்டிக் கேட்டால் கிடைக்கும். யாழ்ப்பாணம் செல்லும் ஏடிஆர் விமானத்தில் ஒரே வகுப்புத்தான். மிச்சமாகும் பணத்தை இக்கரை ரயிலில் குளிர்சாதனக் கீழ்ப்படுக்கைக்குச் செலவிடலாம்; 45 வயது கடந்த பெண்களுக்கு அதில் ஒதுக்கீடு உண்டு என்பதை மறவாதீர்கள். அக்கரையில் ஏ-9 நெடுஞ்சாலை வழியாக ஒரே மூச்சில் மலையேறாமல் கண்டியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் ஹட்டனுக்குப் போகும் வண்டிக்கும் செலவிடலாம். முழங்கால் வீங்குவதும் மூச்சு வாங்குவதும் அந்த நீண்ட தரைவழியில்தான்.

இவ்வளவும் முடிந்து கையில் பணம் இருந்தால் அம்மாயிக்குக் கப்பலில் பிரீமியம் ஆசனம் எடுங்கள் என்றே அந்த இளைஞரிடம் சொன்னேன். அந்த இடத்துக்குப் படியேற வேண்டுமா என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளச் சொன்னேன். மயக்கம் வருகிறவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு என்பதையும் சொன்னேன். நாடற்றவள் என்ற பெயரோடு மூட்டைமேல் உட்கார்ந்து கடல் கடந்து வந்து, நம் சரிவுகளைப் பச்சையாக்கி, ஆயுள் முழுவதும் முதுகில் கூடை சுமந்த ஒருத்தி, அதே கடலில் நல்ல ஆசனத்தில் அமர்ந்து பிறந்த மண்ணுக்குப் போவதை ஆடம்பரம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் தனிமனிதர் தம் சேமிப்பால் ஈடுசெய்ய முடியாத குறை ஒன்று எஞ்சுகிறது. இந்திய வம்சாவளியினருக்கு 2003-ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரஜாவுரிமை வழங்கி நாடற்ற நிலையை இலங்கை முடித்துவைத்தது. அவ்வம்சாவளியினரான மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாற்றை நினைந்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பலை மீட்பது பற்றிய பேச்சோ இன்னும் பேச்சாகவே நிற்கிறது. அக்குறுகிய கடல்வழி திறக்கப்படவேண்டும். ஒப்பந்தத்தால் பிரிக்கப்பட்ட குடும்பங்களில் முதியோருக்குக் கட்டணச் சலுகையும் நீண்டகால அனுமதியும் இரு சர்க்கார்களும் வழங்கவேண்டும். ஒரு கையெழுத்தால் உறவுகளைப் பிரித்தவர்கள், அவ்வுறவுகள் உயிரோடு இருக்கும்போதே இன்னொரு கையெழுத்தால் அவர்களைச் சந்திக்கச் செய்வது நியாயம். அந்தத் தலைமுறைக்கு இனி அதிகக் காலமில்லை.