மேசையை யார் அடுக்குவது?

திரை காலியாக இருந்தால் அது நல்ல மென்பொருள் என்கிற எண்ணம் அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. கருவிப்பட்டைகளைக் குறையுங்கள், பலகங்களை மடித்து வையுங்கள், பத்துப் பொத்தான்களை ஒரு பொத்தானுக்குள் ஒளியுங்கள், பயனர் நிம்மதியாக இருப்பார் என்கிறார்கள். கைபேசியில் ரயில் டிக்கெட் எடுப்பவருக்கு இது பொருந்தலாம். நாள் முழுவதும் ஒரு கருவியோடு அமர்ந்து ஓர் உலகத்தைக் கட்டி எழுப்புபவருக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்லும்போதுதான் எனக்கு மறுப்பு எழுகிறது. நான் சொல்வது கணினி விளையாட்டுகளின் லெவல் எடிட்டர்களைப் பற்றி.

விளையாடுபவர் நடந்து திரியும் கட்டடம், தெரு, சுரங்கம் ஆகியவற்றையே லெவல் என்கிறோம். அதைச் சுவர் சுவராக எழுப்பி, விளக்கு பொருத்தி, எதிரி பதுங்கும் மூலையைக் குறிக்க உதவும் மென்பொருள் லெவல் எடிட்டர். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்கள் அந்த இரண்டாவது சொல்லைக் கவனிக்கட்டும். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுத்தான் பாடத்தைத் தீர்மானித்தார். ஒப்பிடுதல் என்பது பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கும் வேலை. ஒரு பிரதியைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு மற்றொன்றைத் திறக்கவேண்டிய நிலையில் யாரும் பாடபேதம் காண முடியாது. எந்தப் பதிப்புப் பணிக்கும் மேசை வேண்டும். மேசையில் எது எங்கே இருக்கவேண்டும் என்பது அந்தப் பணியின் ஒரு பகுதி.

வேர்ல்ட்கிராஃப்ட் என்ற எடிட்டரை எடுத்துக்கொள்வோம். 1996இல் பென் மாரிஸ் என்பவர் குவேக் விளையாட்டுக்காக உருவாக்கியது. மறு ஆண்டு வால்வு நிறுவனம் அதை வாங்கியது, பின்னர் ஹேமர் என்று பெயர் மாற்றியது. அதன் திரை நான்கு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒன்றில் கேமராவின் கண்கொண்டு முப்பரிமாணக் காட்சி, மற்ற மூன்றில் அதே கட்டடம் மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வெறும் கோட்டுருவமாக. இடது ஓரத்தில் செங்குத்தாகக் கருவிப்பட்டை: தேர்ந்தெடுக்க, கட்டை எழுப்ப, வெட்ட, முனைகளை நகர்த்த. வலது ஓரத்தில் சுவருக்குப் பூசவேண்டிய மேற்பரப்புப் படங்கள். நான்கு கட்டங்களும் சந்திக்கும் புள்ளியை மவுஸால் இழுத்தால் எந்தக் கட்டமும் பெரிதாகும் அல்லது சிறிதாகும்.

இது பழைய காலத்து ஏற்பாடு, தேவையற்ற நெரிசல் என்று இன்று கேலி செய்கிறார்கள். நெரிசலா? இந்த வகை விளையாட்டுகளில் லெவல் முழுவதும் வெளிச்சூனியத்திலிருந்து காற்றுப்புகாமல் மூடப்பட்டிருக்க வேண்டும். இரண்டு சுவர்களுக்கிடையே ஓர் அலகு அளவு இடைவெளி இருந்தாலும் எங்கிருந்து எது தெரியும் என்ற கணக்கை நிரல் போட முடியாமல் போகும். கசிவு என்று இதற்குப் பெயர். கேமராக் காட்சியில் அந்தச் சுவர் பழுதில்லாமல் தெரியும், செங்கல் படம் பூசிய சுவரில் மயிரிழைப் பிளவைக் கண் கண்டுபிடிக்காது. பக்கத்துக் கட்டத்தில் கட்டக்கோடுகளின் மேல் இரண்டு கோடுகள் ஒட்டாமல் நிற்பது பளிச்சென்று தெரியும். அழகாகத் தெரிவதும் சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த நான்கு கட்டங்கள் ஒவ்வொரு நொடியும் சொல்லிக்கொண்டிருந்தன. மூலத்தின் கீழேயே அடிக்குறிப்பு இருப்பதற்கும், நூலின் கடைசியில் குறிப்புகளைத் தேடி ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இப்போது 2022 ஏப்ரலில் வெளியான அன்ரியல் எஞ்சின் 5க்கு வருவோம். அதற்கு முந்தைய நான்காம் பதிப்பில், படங்கள், ஒலிகள், உருவங்கள் எல்லாம் அடங்கிய பலகம் திரையின் அடியில் எப்போதும் திறந்திருக்கும். விளக்கு, கேமரா, அடிப்படை வடிவங்கள் இடது ஓரத்தில் வரிசையாகக் காத்திருக்கும். ஐந்தாம் பதிப்பில் அடிப்பலகம் ஓர் இழுப்பறையாகிவிட்டது. கன்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்தினால் மேலெழும், வேறெங்காவது சொடுக்கினால் தானாக உள்ளே போய்விடும். இடது ஓரப் பட்டியல் மேல்பட்டையின் ஒரு சிறு பொத்தானுக்குள் அடங்கிவிட்டது. காட்சிக்கு அதிக இடம் கிடைத்தது என்கிறார்கள். கிடைத்ததை மறுக்கவில்லை. யாருடைய செலவில் கிடைத்தது என்பதே கேள்வி.

அனுபவசாலிக்கு நட்டமில்லை. அவருக்குக் குறுக்குவிசைகள் விரல்நுனியில் இருக்கின்றன. சாளரப் பட்டியலில் பழைய நான்காம் பதிப்பின் அமைப்பை ஒரே சொடுக்கில் மீட்கும் வழியும் வைத்திருக்கிறார்கள். அது இருப்பது அவருக்குத் தெரியும். புதிதாகக் கற்க வருபவருக்கு எதை மீட்கவேண்டும் என்பதே தெரியாது. இல்லாத பொருளின் பெயரைச் சொல்லி யாரால் தேட முடியும்? எளிமை என்று சொல்லி யாருக்காக இதைச் செய்தார்களோ, அவரே இதில் இழப்பவர். எங்கள் கல்லூரிக் கணினிக்கூடத்தில் ஒரு மாணவி விளக்கு வைக்கும் பலகத்தைக் காணாமல் ஒரு வகுப்பு நேரம் முழுவதும் பட்டியல் பட்டியலாகத் திறந்து மூடியதைப் பார்த்தேன். கடைசியில் தனக்குத்தான் கணினி வராது என்ற முடிவுக்கு வந்தாள். கண்ணெதிரே ஓர் ஐகான் இருந்திருந்தால் அது என்ன என்று கேட்டிருப்பாள். கற்றல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

இந்தப் பாடத்தை மென்பொருள் உலகம் ஒருமுறை படித்தும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2000இல், அதிகம் பயன்படுத்தாத கட்டளைகள் பட்டியலிலிருந்து தாமாக மறைந்துகொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். நேற்று இருந்த கட்டளை இன்று இருக்காது. 2007இல் பட்டியல்களுக்குப் பதிலாக ரிப்பன் பட்டை வந்தபோது அந்த ஏற்பாடு வழக்கொழிந்தது.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. சிறிய மடிக்கணினித் திரையில் நான்கு கட்டங்களும் இரண்டு பட்டைகளும் வைத்தால் எதுவுமே தெரியாது. குவேக் லெவல்களுக்கான டிரெஞ்ச்புரூம் எடிட்டர் முப்பரிமாணக் காட்சி ஒன்றிலேயே பெரும்பாலான வேலையைச் செய்யவிடுகிறதே என்பார்கள். உண்மை. ஆனால் அதே டிரெஞ்ச்புரூமில் ஒரு கட்டமா, இரண்டா, மூன்றா, நான்கா என்பதைப் பயனரே தேர்ந்துகொள்ளலாம். இந்த எடுத்துக்காட்டு என் கட்சியைச் சேர்ந்தது. திரை சிறிதென்றால் பலகத்தை மடிப்பவர் திரைக்கு முன் அமர்ந்திருப்பவராக இருக்கட்டும்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை கோபமா என்று கேட்கலாம். 1999இல் ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மேல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் கட்டியதுதான் கவுண்டர்-ஸ்ட்ரைக். அதில் உலகமெங்கும் விளையாடப்பட்ட டஸ்ட் என்ற மணல்நிற லெவலை அதே ஆண்டு உருவாக்கிய டேவ் ஜான்ஸ்டன் அப்போது பதின்வயதுச் சிறுவர். என் தலைமுறை பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் ஓடித் திரிந்த தெருக்கள் அவை. ஹாஃப்-லைஃப் குறுந்தகட்டிலேயே வேர்ல்ட்கிராஃப்டும் வந்தது. விளையாட வந்தவன் எழுப்புபவனாக மாறுவதற்கு அந்தக் கருவி கையெட்டும் தூரத்தில், முழுவதும் திறந்து கிடந்தது. கருவியை மறைத்து வைக்கும் ஒவ்வோர் அழகியலும் அந்த மாற்றத்தின் வாசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்துகிறது.

ஆகவே கேட்பது மூன்று. முதல்முறை திறக்கும்போது முக்கியக் கருவிகள் எல்லாம் பெயரோடு கண்ணில் படவேண்டும். அடுக்கிய அமைப்பைக் கோப்பாகச் சேமித்து, வேறு கணினிக்கும் எடுத்துச்செல்ல முடியவேண்டும். புதிய பதிப்பு வந்தால், ஏற்கெனவே அடுக்கியிருப்பவரின் மேசையைக் கேட்காமல் தொடக்கூடாது. மூன்றில் எதுவும் தொழில்நுட்பத்துக்கு எட்டாததல்ல. இதற்கு மேல் காலியான திரையின் அழகைப் பாட விரும்புகிறவர்கள், ஒரு கசிவைக் கண்டுபிடித்துவிட்டு வந்து பாடட்டும்.