சாவி ஆணியில் தொங்கும் நாள்

“ஓய்வுபெற்றதும் கேமரன் மலையில் தேயிலைச் சரிவோரம் வீடு. கார் இருக்கிறது, தூரம் ஒரு பொருட்டா?” இதுதான் வாதம். குளிரும் பச்சையும் ஆசைக்குரியவை, ஒப்புக்கொள்கிறேன். மற்றதைப் பார்ப்போம்.

1. கார் இருக்கும். கண் இருக்குமா? புரை விழுந்த கண்ணுக்கு, மூடுபனிக்குள் எதிரே வரும் காய்கறி லாரியின் விளக்கு வெறும் வெள்ளைத் திரை.

2. “பிள்ளைகள் ஓட்டுவார்கள்.” கோலாலம்பூரில் இருக்கும் பிள்ளை தீபாவளிக்கு வருவான். செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு வருவானா?

3. “வாடகைக் கார் கூப்பிடலாம்.” சுங்கை பாலாஸ் தோட்டத்துக் குறுகிய சாலையில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். இரவு மழையில் யார் ஏறி வருவார்?

4. “தோட்டத்துத் தாத்தாக்கள் கார் இல்லாமல் வாழவில்லையா?” வாழ்ந்தார்கள். வேலை, கோயில், கடை எல்லாம் நடை தூரத்தில் இருந்தன. அவர்கள் குடியிருந்த லயத்து வீடும் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். இது உங்கள் வாதமா, என் வாதமா?

மலை வேண்டாம் என்று யார் சொன்னது? அதே மலையில், தானா ராத்தாவில் மருத்துவமனையும் பேருந்து நிலையமும் கடைத்தெருவும் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. அங்கே பாருங்கள்.

வாங்குமுன் ஒரு சோதனை: சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அந்த வீட்டில் ஒரு வாரம் இருங்கள். முடியவில்லையா? அது வீடல்ல, விடுமுறை விடுதி.