பிஸ்கற் ரின்னுக்குள்ள கிடக்கிற குளிசைகள்

எங்களுக்குத் தெரிந்த பல வீடுகளில் ஒரு பழைய பிஸ்கற் ரின் இருக்கு. திறந்தால் பிஸ்கற் இருக்காது. கிளினிக்கில தந்த சின்னச் சின்ன உறைகள், பாமசியில வாங்கின கார்ட்டுகள், கனடாவில இருந்து மாமி குடுத்துவிட்ட வெள்ளைப் போத்தல், போன வருசம் மோசம் போன அப்பப்பாவின்ர மிச்சக் குளிசைகள் எண்டு எல்லாம் ஒண்டாக் கிடக்கும். அதுக்குள்ள கையை விட்டுச் சரியான குளிசையைச் சரியான நேரத்துக்கு எடுத்துக் குடுக்கிற பொறுப்பு இப்ப கன வீடுகளில் பிள்ளைகளிடம் இல்லை. பிள்ளைகள் ரொறன்ரோவிலயும் லண்டனிலயும் இருக்கினம். அந்தப் பொறுப்பு, மாதக் காசுக்கு 'அம்மாவோட நிக்கிற அக்கா'விடம் இருக்கு.

இந்த அக்காவைப் பற்றி ஒருத்தரும் எழுதுறதில்லை. முதியோரைப் பற்றிக் கட்டுரை எழுதினால் 'பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகள்' எண்டு ஒரு ஒப்பாரியோட முடிச்சுப்போடுவம். யார் உண்மையில பார்க்கினம், அவைக்கு யார் என்ன சொல்லிக் குடுத்தவை எண்டு கேட்கிறதில்லை. பராமரிப்பாளர் பயிற்சி நாட்டில இல்லாமல் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் என்.வி.கியூ. சான்றிதழே குடுக்கினம். ஆனா அதை எடுத்த ஆள் இஸ்ரேலுக்கோ ஜப்பானுக்கோ போகத்தான் பார்க்கும். அதில நாங்கள் பிழை சொல்லேலாது. இங்க மிஞ்சி நிக்கிறது, சமைக்க எண்டு வந்து, பிறகு குளிப்பாட்டி, பிறகு இன்சுலின் ஊசியும் போடப் பழகின அக்காதான்.

முதல் சிக்கல் எழுத்து. கிளினிக் கொப்பியில மருந்தின் பெயர் ஆங்கிலத்தில இருக்கும். எத்தனை தரம் எண்டது லத்தீன் மொழியின் சுருக்கத்தில இருக்கும். 'பீ.டி.' எண்டால் நாளுக்கு இரண்டு தரம், 'ரீ.டி.எஸ்.' எண்டால் மூன்று தரம், 'நொக்டே' எண்டால் இரவில். ரோமாபுரியில ஆரும் இப்ப கதைக்காத பாஷை, பருத்தித்துறையில ஒரு அம்மம்மாவின் பிரஷரைத் தீர்மானிக்குது. 1987 இன் 13வது திருத்தத்தோட தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. பெயர்ப்பலகையில ஒரு எழுத்துப் பிழை வந்தால் படம் எடுத்து முகநூலில போட்டுச் சண்டை பிடிக்கிறம். மருந்து உறையில தமிழ் இல்லாததுக்கு நாங்கள் எண்டைக்காவது சண்டை பிடிச்சிருக்கிறமோ?

எழுத்து விளங்காததால ஆக்கள் நிறத்தை நம்புகினம். 'காலமை ரோஸ் ஒண்டு, இரவு வெள்ளை வட்டம் ஒண்டு.' வருசக்கணக்கா இந்தக் கணக்கு ஓடும். பிறகு 2022 வந்தது. டொலர் இல்லை, மருந்து இல்லை. ஆஸ்பத்திரியில கிடைக்காததை வெளியில வாங்கச் சொல்லி துண்டு எழுதித் தந்தவை. கடையில வேற கொம்பனியின் குளிசைதான் கிடைச்சது. ஒரே மருந்து, ஆனா வேற நிறம், வேற வடிவம். சில நேரம் வேற மில்லிகிராம். 25 இருந்த இடத்தில 50 வந்தால் அரைவாசியா உடைக்க வேணும் எண்டு யாரும் சொல்லாட்டில் நிறக் கணக்கு அதைச் சொல்லாது.

கனடாப் போத்தலுக்கும் இதே கதைதான். அங்க அசெற்றமினோபன் எண்டு எழுதியிருக்கிறது இங்க நாங்கள் பனடோல் எண்டு விழுங்கிற பரசிற்றமோல். காய்ச்சலுக்கு இரண்டையும் சேர்த்துக் குடுத்தால் ஈரலுக்குக் கூடாது. அதைவிடப் பயமானது, அங்க கிளைபியூரைட் எண்டு வாறதுதான் இங்க கிளிபென்கிளமைட் எண்டு தாற சலரோகக் குளிசை. இரண்டு பெயர் எண்டு இரண்டையும் குடுத்தால் சீனி ஒரேயடியாக இறங்கும். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் தொடங்கின அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்தவர். கொம்பனிப் பெயரில இல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில வாங்க வேணும், எழுத வேணும் எண்டு நிண்டவர். உலகமே பார்த்த கொள்கை அது. ஆனா பொதுப் பெயரே நாட்டுக்கு நாடு மாறும் எண்டதும், பார்சலில மருந்து வாற ஊர் ஒண்டு உருவாகும் எண்டதும் அப்ப ஆர் நினைச்சிருப்பினம்?

இனி விரதம். நல்லூர்த் திருவிழா 25 நாள், கந்தசஷ்டி ஆறு நாள், இதுக்கு மேல வெள்ளிக்கிழமைகள். எங்களில ஒருத்தரின் அயல் வீட்டில ஆச்சி கந்தசஷ்டிக்குச் சாப்பிடாமல் இருந்தா. அக்கா வழமைபோலச் சீனிக் குளிசையைக் குடுத்திட்டா. குடுக்காமல் விட்டால் வெளிநாட்டில இருக்கிற மகன் பேசுவார் எண்ட பயம் அவவுக்கு. பத்து மணிபோல ஆச்சிக்கு வியர்த்துக் கொட்டி, கதை மாறாட்டமாப் போச்சு. பக்கத்து வீட்டு ரீச்சர் வந்து சீனி கரைச்சுப் பருக்கினதால தப்பினா. பிறகு வீடியோ கோலில அக்காவுக்குத்தான் ஏச்சு. 'சாப்பிடாட்டில் இந்தக் குளிசையை என்ன செய்யிறது, டொக்டரிட்டக் கேளுங்கோ' எண்டு விரதம் தொடங்க முதல் ஒருத்தரும் அவவிடம் சொல்லேல்லை. ஆச்சியின் விரதத்தை மறிக்கச் சொல்லி நாங்கள் எழுதேல்லை. அது ஆச்சியின்ர முடிவு. கேள்வியைக் கேட்கிற ஆள் ஆர் எண்டதுதான் பிரச்சினை.

இப்பிடி இன்னும் கனக்க. விழுங்கக் கஷ்டம் எண்டு எல்லாத்தையும் இடிச்சுக் கஞ்சியில கலக்கிறது. மெல்ல மெல்லக் கரைய எண்டு செய்த குளிசையை இடிச்சால் முழு நாளின் மருந்தும் ஒரே நேரத்தில உடம்புக்குள்ள போகும். மூட்டுவாதத்துக்குத் தாற மெதொட்ரெக்சேற் கிழமைக்கு ஒருக்கா மட்டும். அதை நாளாந்தம் குடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு நேரம் தவறினால் அடுத்த நேரம் இரண்டாக் குடுக்கிறது வேற. உலக சுகாதார நிறுவனம் 2017இல் 'தீங்கில்லாத மருந்து' எண்டு ஒரு பெரிய செயற்திட்டமே தொடங்கினது. அது எங்கட குசினி மேசை வரைக்கும் வந்து சேரேல்லை.

வரேலாது எண்டு சொல்லவும் முடியாது. 2020இல் ஊரடங்கு போட்ட நேரம் கிளினிக் மருந்துகளைத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தவை. கர்ப்பிணியைத் தேடி மிட்வைஃப் மிஸ் வாசலுக்கு வாறா. 1926இல் களுத்துறையில சுகாதாரப் பிரிவு தொடங்கின காலத்தில இருந்து வளர்ந்த முறை அது. பிறக்கப்போற பிள்ளைக்குச் செய்யிறதில கொஞ்சத்தைக் கட்டிலில கிடக்கிற ஆச்சிக்கும் செய்யலாம் தானே.

கிளினிக்கில சனம் கூட, மருந்து குடுக்கிறவைக்கு ஒரு ஆளோட ஒரு நிமிசம் கதைக்கவும் நேரமில்லை எண்டது எங்களுக்குத் தெரியும். நாங்களும் அந்த வாங்கில அம்மம்மாவோட விடிய இருந்து குந்தியிருக்கிறம். ஆனா உறையில சூரியனும் சந்திரனும் அச்சடிக்க ஒரு நிமிசம் தேவையில்லை. 'வீட்டில ஆர் மருந்து குடுக்கிறது?' எண்டு கேட்டு அந்த ஆளின் பெயரைக் கொப்பியில எழுத ஒரு வரி போதும். பிரதேச செயலகமோ சனசமூக நிலையமோ ஒரு சனிக்கிழமை பின்னேரம் இந்த அக்காமாரைக் கூப்பிட்டு, ஒரு மருந்தாளரை வைத்துக் கதைக்க விடலாம். அண்டைக்கு அவைக்கு நாள் சம்பளம் வெட்டுப்படாமல் வெளிநாட்டில இருக்கிறவை பார்த்துக்கொள்ள வேணும்.

அதுவரைக்கும் எங்களால ஏலுமானது சின்ன வேலை. அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியை மட்டும் இல்லாமல் அந்த ரின்னை முழுசாக் கொண்டு போங்கோ, அக்காவையும் கூட்டிக்கொண்டு. அப்பப்பாவின்ர மிச்சத்தைத் தனியா எடுத்துப் பாமசியில காட்டிக் கேளுங்கோ. நாங்கள் போன ஒரு வீட்டில அக்கா தானாகவே ஒவ்வொரு உறையிலயும் பேனையால சேவலும் ஆந்தையும் கீறி வைச்சிருந்தா. ஆந்தை அவ்வளவு வடிவில்லை எண்டு சொல்லிச் சிரிச்சா. அந்த வீட்டில இரவுக் குளிசை இதுவரைக்கும் மாறினதில்லை.