பளபளக்கும் சிலிண்டர், திணறும் பட்டறை

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தில் இருக்கிறது வித்துரா. அதற்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள், செம்மண் தடங்கள். மழைக்காலத்தில் சேறு அப்பி எஞ்சின் காற்றோட்டமின்றிக் கொதிக்கிறது. கோடையில் மாவு போன்ற தூசியை விழுங்குகிறது. இந்த மாதிரி தடங்களில் டர்ட் பைக் ஓட்டுகிறவர்களிடம் சர்வரோக நிவாரணியாகப் பேசப்படுகிறது செராமிக் பூச்சு.

முதல் குழப்பம் பெயரில். பெட்ரோல் டேங்குக்குப் பளபளப்பு ஏற்றும் திரவத்துக்கும் அதே பெயர்தான். எஞ்சினுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. எஞ்சினுக்கான பூச்சுகள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று வெப்பத்தைத் தடுப்பது, மற்றது தேய்மானத்தைத் தடுப்பது.

வெப்பத் தடுப்புப் பூச்சின் பூர்வீகம் விண்வெளி. அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தின் முனைக்குழலில் 1960-களிலேயே ஜிர்கோனியா பூசப்பட்டது. வித்துரா இருக்கும் அதே மாவட்டத்தில், தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சிலிக்கா ஓடுகளை உருவாக்கியது. 2007 ஜனவரியில் விண்ணிலிருந்து பத்திரமாகத் திரும்பிய எஸ்.ஆர்.இ.-1 கலத்தை அவை காத்தன. பிஸ்டன் தலையில் பூசுவதன் தத்துவமும் இதுதான். எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். நடுவே ஒரு மெல்லிய வேலி.

ஆனால் வேலி போட்டால் போதும், குளிர்விக்கவே வேண்டாம் என்ற கனவு பலிக்கவில்லை. 1980-களில் கம்மின்ஸ் நிறுவனமும் அமெரிக்க ராணுவமும் செராமிக் பாகங்களோடு குளிர்விப்பே இல்லாத டீசல் எஞ்சினைச் சோதித்தன. சூடான சுவர்கள் உள்ளே வரும் காற்றையும் சூடாக்கி விரியச் செய்ததால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவு குறைந்தது. அந்த வெப்பத்தைத் தாங்கும் ஆயில் கிடைப்பதும் பெரும்பாடானது. பெட்ரோல் எஞ்சினில் இன்னொரு தொல்லையும் உண்டு: சுவர் அதிகம் சூடானால் ‘நாக்கிங்’. சேற்றில் ஊர்ந்து போகும் பைக்குக்குச் சுத்தமான ரேடியேட்டர் தரும் பலனைப் பிஸ்டன் பூச்சு தந்துவிடாது.

உண்மையில் டர்ட் பைக்கை மாற்றியது இரண்டாவது வகைதான். ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-ல் உருவாக்கிய நிக்காசில், நிக்கலில் சிலிக்கான் கார்பைடு துகள்களைப் பதித்த முலாம். தடிமன் ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு. கனமான இரும்பு லைனர் தேவையில்லை. வெப்பம் நேராக அலுமினியத்துக்குப் போய்விடும். போட்டி பைக்குகளில் எப்போதோ பரவிய இந்த முலாம், 2012-ல் வந்த கே.டி.எம். டியூக் 200 போன்ற வண்டிகளில் இந்தியச் சாலைகளிலும் ஓடியது.

பிரச்சினை தொடங்குவது பட்டறையில். 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகளில் இரும்பு லைனர் தேய்ந்தால் லேத் பட்டறையில் ‘ரீபோர்’ செய்து, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனைப் போட்டு அனுப்பிவிடலாம். ஒரே பிளாக்குக்குப் பல ஜென்மங்கள். முலாம் பூசிய சிலிண்டரில் அது நடக்காது. கடைந்தால் முலாம் போய்விடும். மீண்டும் பூச எல்லா ஊரிலும் வசதி இல்லை. புது பிளாக்தான் வழி என்றாகிறது. ரீபோர் கூலியில் முடிந்திருக்க வேண்டிய வேலை, உரிமையாளரின் பல மாதச் சேமிப்பைக் கேட்கிறது. பட்டறைக்காரருக்கோ, கைவந்த தொழிலில் ஒரு பகுதி கைநழுவுகிறது.

இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பிஸ்டன் பிடித்துப்போன சிலிண்டர் எல்லாமே குப்பை அல்ல. பல சமயம் சுவரில் ஒட்டியிருப்பது பிஸ்டனின் அலுமினியம்தான். அதை அமிலத்தால் பக்குவமாகக் கரைத்தால் கீழே முலாம் சேதமின்றி இருக்கக்கூடும். முலாமே உரிந்திருந்தால்தான் கைவிரிக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்த மெக்கானிக் வாடிக்கையாளருக்கு ஒரு பிளாக்கையே மிச்சப்படுத்துகிறார்.

முலாமுக்குப் பெட்ரோலே எதிரியான கதையும் உண்டு. 1990-களில் பி.எம்.டபிள்யூ., ஜாகுவார் கார்களின் நிக்காசில் சிலிண்டர்களைப் பெட்ரோலில் இருந்த கந்தகம் அரித்தது. அந்த எஞ்சின்களில் இரு நிறுவனங்களும் முலாமைக் கைவிட்டன. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 பெட்ரோலில் கந்தக வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே என்பதால் இங்கே அந்தப் பயம் குறைவு.

தூசி விஷயம் வேறு. செம்மண்ணோடு வரும் மணல் துகள் சிலிக்கான் கார்பைடிடம் தோற்கலாம். ஆனால் பிஸ்டனையும் ரிங்கையும் அது தின்றுவிடும். கிழிந்த ஏர் ஃபில்டரோடு ஓடும் வண்டிக்கு எந்த முலாமும் காவல் இல்லை. ஃபில்டரைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவி மாட்டுவது பெரிய வேலை அல்ல. அதைச் செய்யாமல் பூச்சுக்குச் செலவழிப்பது, கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பெட்டிக்குப் பூட்டு வாங்குவது மாதிரி.